இயர்போன் குறைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

காதினுள் செருகும் இயர்போனை வாங்கி இரண்டு நாட்களில் "சத்தம் சரியில்லை" என்று திருப்பிக் கொண்டுவருபவர்களில் பலர், அதே பொருளில் வேறோர் அளவு ரப்பரை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிச் செல்வதை, மட்டக்களப்பு நகரில் கைத்தொலைபேசி திருத்தும் மேசைக்குப் பின்னால் இருந்தபடி நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒலியின் தரம் ஒரு விடயம், காதுக்கு இதமாக இருப்பது இன்னொரு விடயம் என்று பிரித்துப் பார்ப்பதிலேயே பாதிக் குழப்பம் தொடங்குகிறது. காதுத் துவாரத்தைத் தொடும் அந்தச் சிறிய ரப்பர்தான் இரண்டையும் ஒருசேரத் தீர்மானிக்கிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் காதையும் ரப்பரையும், அடுத்து இயர்போன் முனையை மூடியிருக்கும் வலையையும் கம்பியையும், அதற்கும் பின்னரே இயர்போனையும் சந்தேகிக்க வேண்டும்.

சோதிக்கத் தொடங்கும் முன்

நேரில் கேட்டுப் பழகிய ஓர் ஒலியின் நல்ல பதிவு முதலில் தேவை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றில், கூத்தாடும் வட்டமேடையான வட்டக்களரியின் ஓரத்தில் நின்று விடிய விடியக் கூத்துப் பார்த்தவருக்கு மத்தளத்தின் தாழ்ந்த முழக்கமும், சல்லாரி எனும் கைத்தாளத்தின் கூர்மையும், அவற்றுக்கு நடுவே கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் எவ்வளவு தெளிவாக ஒலிக்கும் என்பதும் மனத்தில் பதிந்திருக்கும். தாழ்வொலி (பேஸ்), நடுவொலி, கூரொலி மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் கைத்தொலைபேசியில் பிடித்த பதிவு இதற்கு உதவாது. தொலைபேசி பதிவின் அளவைத் தானாகவே ஏற்றி இறக்கிக்கொள்வதால் மத்தளத்தின் பலத்த அடியும் மெல்லிய அடியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நின்றுவிடும். பதிவுக்கருவியை வைத்து யாராவது முறையாக எடுத்த பதிவையோ, உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த ஒரு பாடலையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும். சத்தம் குறையும்போது நம் காது தாழ்வொலிகளைக் கூடுதலாக இழக்கிறது என்பதை ஃபிளெச்சர், மன்சன் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் "செழிப்பாக" இருப்பதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைகளில் உரத்து ஒலிப்பதே விலைபோகிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடைசியாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரப்பரையும் ஒலிச்சமன் (ஈக்குவலைசர்) அமைப்பையும் பாடலையும் ஒன்றாக மாற்றியவருக்கு எது குணப்படுத்தியது என்பது ஒருபோதும் தெரியவராது.

பேஸ் இல்லை, பாட்டு தகரப்பேணிக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது

பத்தில் எட்டுப் பேராவது சொல்லும் முறைப்பாடு இதுதான் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்வேன். இதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றுக்கசிவு. வளர்ந்தவரின் காதுக்குழாய் சுமார் 25 மில்லிமீற்றர் நீளமும் சுமார் 7 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட, சற்று வளைந்த ஒரு குழாய். இயர்போனினுள் அதிர்ந்து ஒலியெழுப்பும் சின்னஞ்சிறு திரை, அந்தக் குழாய்க்குள் அடைபட்ட சிறிதளவு காற்றை அழுத்தியும் தளர்த்தியுமே தாழ்வொலியை உண்டாக்குகிறது. ரப்பருக்கும் தோலுக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். கூரொலிக்கு இக்கசிவு பெரிய தடையல்ல என்பதால் அது மட்டும் மிஞ்சி நின்று காதைக் குத்தும்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இயர்போன்களையும் விரல் நுனியால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். மத்தளம் சட்டென்று உயிர்பெற்றால் இயர்போனில் குற்றமில்லை, ரப்பர் காதோடு சேரும் அடைப்பில்தான் குற்றம். அடுத்து பாட்டை நிறுத்திவிட்டு, காதுக்கு அருகே விரல்களை உரசிப் பாருங்கள். இரு பக்கத்திலும் அந்த உரசல் ஒரே அளவுக்கு மங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகக் கேட்டால் அந்தப் பக்கத்து ரப்பரை மட்டும் மாற்றலாம். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவில் அமையாதவர்கள் பலர் இருக்கிறார்கள், இடப்பக்கம் நடுத்தரமும் வலப்பக்கம் பெரியதும் மாட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

செருகும் விதத்திலும் கவனம் வேண்டும். வலக்காதில் செருகும்போது இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுசென்று, காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் மெதுவாக இழுத்தால் குழாயின் வளைவு நிமிரும். அப்போது இயர்போனைச் சற்றுத் திருகியபடி உள்ளே விட்டு, பின்னர் மடலை விட்டுவிடுங்கள். நேராகக் குத்தித் தள்ளுபவர்களுக்கு ரப்பரின் ஓரம் மடிந்து, பார்வைக்குத் தெரியாத ஒரு கசிவு உண்டாகும். அளவு போதாது என்று நினைத்து அவர்கள் இன்னும் பெரிய ரப்பருக்குப் போவார்கள், அது இன்னும் மோசமாக மடியும்.

உட்கார்ந்து கேட்கும்போது நன்றாக இருந்து, கச்சான் கொறிக்கத் தொடங்கியதும் பேஸ் போய்விடுவதாகச் சிலர் சொல்வார்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் முன்சுவரும் சேர்ந்து அசைவதே அதற்குக் காரணம். வாயை அகலத் திறந்து மூடிப் பார்த்தால் உடனே விளங்கும். அவர்களுக்குச் சிலிக்கன் ரப்பரைவிட ஸ்பொஞ் முனை பொருந்தும். அதை விரல்களுக்கிடையே உருட்டி ஒடுக்கிச் செருகி, விரிந்து முடியும்வரை 20 அல்லது 30 வினாடிகள் பிடித்திருக்க வேண்டும். ஸ்பொஞ் கூரொலியைச் சிறிது உறிஞ்சும், ஈரத்தில் விரைவில் பழுதாகும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டே அதற்குப் போக வேண்டும்.

அடைப்பு சரியாக இருந்தும் தாழ்வொலி வரவில்லையென்றால் தொலைபேசியின் ஒலிச்சமன் அமைப்பைப் பாருங்கள். யாரோ ஒருவர் "குரல்" என்ற தெரிவில் விட்டுவைத்திருப்பார்.

ஒரு பக்கம் சத்தம் குறைவு

இடக்காதில் இருந்ததை வலக்காதிலும், வலக்காதில் இருந்ததை இடக்காதிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை இயர்போனுடன் இடம் மாறினால் இயர்போனில் கோளாறு. குறை அதே காதில் தங்கினால் காதில்தான் காரணம் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் கம்பியை வெட்டி ஒட்டக் கொண்டுவருபவர்களே அதிகம்.

இயர்போனில் கோளாறு என்றால் முதலில் ரப்பரைக் கழற்றி, அது மாட்டியிருந்த குழலின் முனையில் உள்ள வலையை வெளிச்சத்தில் பாருங்கள். காதுக்குறும்பி படிந்து மஞ்சள் நிறத்தில் பளபளத்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பல் தூரிகையால் தட்டித் துடைக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளேயே விழும். ஊசி, குண்டூசி எதையும் கொண்டு குத்தாதீர்கள், வலைக்கு அடுத்து இருப்பது திரை. ரப்பரைத் தனியே எடுத்து மெல்லிய சவர்க்கார நீரில் கழுவி, முழுதாக உலர்ந்த பின்னர் மாட்டலாம். கம்பியில்லாத வகையில், பெட்டியினுள் இருக்கும் மின்னேற்றத் தொடுமுனைகளையும் துடையுங்கள். ஒரு பக்கம் மின்னேறாமலே இருந்திருக்கக்கூடும். தொலைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் இட-வல சமநிலைக் கோடு ஒரு பக்கமாக நகர்ந்திருப்பதும் உண்டு.

குறை காதுடன் தங்கியிருந்தால் இயர்போனை ஓரமாக வையுங்கள். குறும்பி அடைத்திருந்தால் வைத்தியர் எடுத்துவிடுவார். இயர்போனைச் செருகிச் செருகி அதை உள்ளே தள்ளியதே நாமாகவும் இருக்கலாம். ஆனால் எந்த வலியுமின்றி ஒரு காதின் கேள்வி ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குறைந்திருந்தால் அதைக் குறும்பி என்று நீங்களே முடிவுசெய்து காத்திருக்கக் கூடாது. அது உட்காதின் கோளாறாக இருந்தால் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் இருக்கும் என்பதால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வாத்தியம் கேட்கிறது, பாடுபவரின் குரலைக் காணவில்லை

பலரைப் பயமுறுத்தும் இக்கோளாறு மிக எளியது. கம்பி இயர்போனின் செருகியில் இட ஒலி, வல ஒலி, இரண்டுக்கும் பொதுவான தரை (கிரவுண்ட்), ஒலிவாங்கி என நான்கு தொடுபகுதிகள் உண்டு. செருகி முழுதாக உள்ளே போகாதபோது, அல்லது தொலைபேசியின் துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு சேர்ந்து அதைத் தடுக்கும்போது, பொதுத் தரை இணைப்பு அறுந்து, இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதுக்கு வரும். பாடகரின் குரல் வழக்கமாக இரு பக்கத்திலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது தன்னைத் தானே கழித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. துளையைச் சுத்தம் செய்து செருகியை முழுதாக அழுத்துங்கள். அதன் பின்னும் குரல் வராமல், ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் வந்தால், அது தரையும் ஒலிவாங்கியும் இடம் மாறிய பழைய வகைச் செருகி. மாற்றிணைப்பு (அடாப்டர்) ஒன்று வாங்கினால் போதும்.

"ச", "ஷ" வரும் இடமெல்லாம் காது கூசுகிறது

இங்கே முதலில் குற்றஞ்சாட்ட வேண்டியது பாட்டின் கோப்பை. பலமுறை சுருக்கப்பட்டு, ஒருவர் தொலைபேசியிலிருந்து இன்னொருவர் தொலைபேசிக்குத் தாவி வந்த கோப்பில் இந்தச் சிலும்பல் முன்பே இருக்கும். வேறொரு நல்ல கோப்பிலும் அதே கூச்சம் இருந்தால் செருகும் ஆழத்தை மாற்றிப் பாருங்கள். ரப்பருக்கும் செவிப்பறைக்கும் இடையே மிஞ்சும் குழாயின் நீளத்துக்கு ஏற்ப ஓர் எதிரொலி உச்சம் தோன்றும். வழக்கமான ஆழத்தில் அது ஏறக்குறைய 8,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. இன்னும் சிறிது ஆழமாகச் செருகினால் அது மேலே நகர்ந்து, சகர ஒலியை விட்டு விலகும். ஒரே இயர்போனை ஒருவர் "மென்மை" என்றும் மற்றவர் "கூர்மை" என்றும் சொல்வதில் இருவருமே பொய் சொல்லவில்லை, அவர்களுடைய காதுகளில் அது வெவ்வேறு ஆழத்தில் நிற்கிறது. இதுவும் உதவாவிட்டால் ஒலிச்சமனில் 6,000 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் சல்லாரி மரத்துப்போகும்.

பேசினால் பானைக்குள் பேசுவதுபோலவும், நடந்தால் காலடி தலைக்குள்ளும் கேட்கிறது

நாம் பேசும்போது எலும்பு வழியாகக் காதுக்குழாயின் சுவர்களுக்கு வரும் அதிர்வு, வழக்கமாகத் திறந்த துவாரத்தினூடாக வெளியேறிவிடும். துவாரம் அடைபட்டால் அது உள்ளேயே தங்கி முழங்கும். நன்றாக அடைக்கும் எந்த இயர்போனிலும் இது ஓரளவு இருக்கும் என்பதால் இதைப் பழுதென்று சொல்ல முடியாது. வியப்பாகத் தோன்றினாலும், இன்னும் ஆழமாகச் செருகுவதே இதைக் குறைக்கும், ஏனெனில் அதிரும் மென்மையான வெளிப்பகுதியைக் கடந்து எலும்புப் பகுதியை ரப்பர் அடைந்துவிடுகிறது. எட்டிமோட்டிக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த ஈ.ஆர்-4 போன்ற, மூன்று அடுக்கு ரப்பருடன் ஆழமாக இறங்கும் வகைகள் இதற்கு எடுத்துக்காட்டு. அந்த ஆழத்தை எல்லோராலும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. காலையில் கல்லடிக் கடற்கரையில் நடப்பதற்கென்றே வாங்குபவருக்கு, காற்றுத்துளை பெரிதாக உள்ளதையோ, துவாரத்தை அடைக்காமல் மடலில் தங்குவதையோதான் நான் எடுத்துக்கொடுப்பேன். வண்டி வரும் சத்தம் கேட்பதும் அங்கே ஓர் அவசியம்.

கம்பி சட்டையில் உரசும் ஒவ்வொரு முறையும் காதில் கரகரக்கிறது

கல்லடிப் பாலத்தின் கீழ் முழுநிலவு நாளில் பாடும் மீன்களைக் கேட்கப் போனவர்கள் துடுப்பின் ஒரு முனையை வாவி நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைப்பார்கள். காற்றில் கேட்காத ஒலி மரத்தின் வழியே வந்துவிடும். இயர்போன் கம்பியும் உங்கள் சட்டையின் உரசலை அவ்வாறே காதுக்குக் கொண்டுவருகிறது. கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்புறமாக இறக்கினால் அதிர்வு மடலில் தங்கிவிடும், அல்லது கழுத்துப்பட்டியில் ஒரு கவ்வியைப் போடலாம். சில இயர்போன்களில் இடவலத்தை மாற்றி மாட்டினால்தான் இப்படிச் சுற்ற முடியும். பாட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை, படம் பார்க்கும்போது மட்டும் ஆட்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுவார்கள்.

காது வலிக்கிறது

எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. துவாரத்தின் வாயிலில் சுற்றிவர வலித்தால் ரப்பர் பெரிதாக உள்ளது. அப்படியே ஓர் அளவு இறங்குங்கள், தாழ்வொலி குறைந்தால் அதே சிறிய அளவில் ஸ்பொஞ் முனையை முயலுங்கள். உள்ளே ஆழத்தில் கூர்மையாக வலித்தால் குழல் மிக உள்ளே போகிறது. குழாயின் உட்பகுதித் தோல் மெல்லியது, எலும்பின் மேல் நேரடியாகப் படிந்தது, சிறு அழுத்தத்தையும் பொறுக்காது. மடலின் குழிவில், முக்கியமாகக் கன்னப்பக்கத்தில் உள்ள சிறு மேட்டில் வலித்தால் ரப்பரை மாற்றிப் பயனில்லை. இயர்போனின் உடற்பகுதியே உங்கள் காதுக்குப் பெரிது, எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இக்கடைசி வலி பத்து நிமிடத்தில் தெரியாது, முக்கால் மணி நேரம் கழித்தே தொடங்கும். கடையில் நின்றபடி ஒரு பாட்டுக் கேட்டு வாங்கியவர் இதில்தான் ஏமாறுகிறார்.

வலியின்றி அரிப்பு மட்டும் இருந்தால் ஈரத்தைச் சந்தேகிக்கவும். மாரிகாலத்தில் நம் பக்கத்துக் காற்றே நனைந்திருக்கும், வெயில் காலத்திலோ வியர்வை விடுவதில்லை. குளித்த கையோடு காதை அடைத்து வைத்தால் பூஞ்சையும் கிருமியும் வளர வேறெதுவும் தேவையில்லை. காது உலர்ந்த பின் செருகுங்கள், மணிக்கொரு தடவை கழற்றிக் காற்றுப்பட விடுங்கள், இயர்போனை வேறொருவருடன் பகிராதீர்கள். நீர் வடிதல், நாற்றம், மடலைத் தொட்டாலே வலி ஆகியவை இருந்தால் குணமாகும்வரை இயர்போனையே தொடாமல் வைத்தியரைப் பார்க்க வேண்டும். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்றிருப்பது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கும். அச்சோதனை நன்னீரில் நடப்பது, கடல்நீருக்கு அது உத்தரவாதமல்ல.

சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது

மருதமுனையில் தறிக்கு முன்னால் அமர்ந்து பாட்டுக் கேட்கும் ஒரு நெசவாளர், தம்முடைய இயர்போனுக்கு "பவர் போதாது" என்று கொண்டுவந்தார். என் மேசையில் அது பாதி அளவிலேயே தாராளமாக ஒலித்தது. தறியின் சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்ற முயன்றதுதான் அவருடைய சிக்கல். உதயதேவி புகையிரதத்தில் பகல் முழுவதும் கொழும்புக்குப் போகிறவருக்கும் இதே நிலைதான், எஞ்சின், சக்கரங்களின் தாழ்ந்த உறுமல் முதலில் பேஸை மூடும், உடனே கை சத்தத்தைக் கூட்டும். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் அடைப்பை மேம்படுத்துவதே இதற்கு மருந்து. சத்தநீக்கி (நொய்ஸ் கான்சலிங்) வசதி தொடர்ந்து வரும் உறுமலை நன்றாகக் குறைக்கும், பேச்சையும் திடீர் ஓசைகளையும் அவ்வளவாகக் குறைக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரமே மிஞ்சும், அதாவது கொழும்புக்கு ஒரு தடவை போவதற்குள்ளேயே அது தீர்ந்துவிடும். கேட்டு முடித்த பின் காதில் இரைச்சல் நீடித்தால் அன்றைய அளவு கூடிவிட்டது என்று பொருள்.

அழைப்பு வந்தால் மட்டும் ஒலி கெட்டுவிடுகிறது

புளூடூத் இயர்போனில் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் இணைப்பு வேறொரு முறைக்கு மாறுகிறது. அங்கே ஒலி பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகவே அனுப்பப்படுவதால் கூரொலி வெட்டுப்படும். கணினியில் பாட்டு திடீரென மங்கினால், ஏதோவொரு செயலி ஒலிவாங்கியைத் திறந்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கச்சான் எனப்படும் பருவக்காற்று வீசும் மாதங்களில் மறுமுனையில் இருப்பவருக்கு இரைச்சல் மட்டுமே கேட்டால், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுவதைத் தவிர நான் கண்ட வைத்தியம் வேறில்லை.

குறை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் கழற்றிவிடத் தோன்றுகிறது

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சற்று மிகுந்த கூரொலி, சற்றுக் கூடிய சத்தம், சற்று இறுகிய ரப்பர் ஆகிய மூன்றும் தனித்தனியே புலப்படாமல் ஒன்றுசேர்ந்து களைப்பாக மாறும். முதல் நாள் வழக்கமான சத்தத்தைச் சற்றுத் தணித்து ஒரு மணி நேரம் கேளுங்கள். இரண்டாம் நாள் ஓர் அளவு சிறிய ரப்பருடன் அதே பதிவுகளைக் கேளுங்கள். மூன்றாம் நாள் பழைய ரப்பருக்குத் திரும்பி, கூரொலியை மட்டும் குறைத்துக் கேளுங்கள். எந்த நாளில் நேரம் போனது தெரியாமல் இருந்தீர்களோ அந்த நாளின் அமைப்பை வைத்துக்கொள்ளலாம். மூன்று நாட்களும் ஒன்றுபோல் களைப்பாக இருந்தால் பொருளை மாற்றுவதே நல்லது. அதுவரை பெட்டியையும் பற்றுச்சீட்டையும், பயன்படாத மற்ற இரண்டு சோடி ரப்பர்களையும் எறியாமல் வைத்திருங்கள்.